குடும்பத்துக்கு ஏற்ற கூடாரம்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த லீவுக்கு நாம எங்கே போறோம்?" என்பதுதான் அது. ஓட்டலில் அறை எடுத்துத் தங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஒரு கூடாரத்தை வாங்கி, ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ ஓர் இரவு தங்கிவிட்டு வரலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் எந்தக் கூடாரத்தை வாங்குவது? அதைப்பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் குடியிருப்பது ஸ்ரீ கெம்பாங்கானில். அவசரகாலத்தில் அமைந்த செர்டாங் பாரு என்ற புதுக்கிராமம்தான் பிற்காலத்தில் இந்தப் பெயரைப் பெற்றது. ரப்பர் மரங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்திருந்த வட்டாரம் இது. இன்று வீடமைப்புப் பகுதிகளும் அடுக்குமாடிகளும் நிறைந்துவிட்டன. தோட்டங்களை விட்டு வந்த நம்மவர் பலர் இந்தப் பக்கங்களில் வசிக்கிறார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிமார் இன்னும் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறார்கள். விடுமுறையில் இரு வீட்டாரும் ஒன்றுகூடிப் போய்வர வசதியான இடங்கள் அருகிலேயே இருக்கின்றன. உலு லங்காட்டில் சுங்கை சொங்காக், மேற்கே மோரிப் கடற்கரை, தெற்கே பாகான் லாலாங். எல்லாம் காரில் போய்ச் சேரக்கூடிய தூரந்தான்.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பசார் மாலாம் கடை ஒன்றில் ஒரு கூடாரம் வாங்கினேன். பெட்டியின் மேல் "நான்கு பேருக்கு" என்று போட்டிருந்தது. நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நான்கு பேர். கணக்குச் சரியாக இருக்கிறது என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த விடுமுறையில் என் அம்மாவையும் அழைத்துக்கொண்டு உலு லங்காட்டு ஆற்றங்கரைக்குப் புறப்பட்டோம். அம்மா முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர்.

தண்ணீருக்குப் பக்கத்தில் நல்ல மணல் திட்டு ஒன்று தெரிந்தது. பிள்ளைகள் அங்கேதான் கூடாரம் போடவேண்டும் என்று குதித்தார்கள். நானும் மூட்டையை இறக்கினேன். அம்மா மட்டும் நின்று சுற்றிலும் பார்த்தார். பிறகு கரையோரச் செடிகளைக் காட்டி, "தம்பி, அந்தக் கிளையிலே காஞ்ச இலையும் குச்சியும் சிக்கியிருக்கு பாரு. அதுவரைக்கும் தண்ணி வந்து போயிருக்கு. இங்கே வேணாம், மேலே போவோம்" என்றார். எனக்கு மனமில்லைதான். என்றாலும் அம்மா சொல்லைத் தட்டாமல் மேட்டுக்கு ஏறி, அங்கே கூடாரத்தைப் போட்டோம்.

அன்றிரவு இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அரைமணி நேரத்தில் தையல் வழியாகச் சொட்டத் தொடங்கியது. பாய், தலையணை எல்லாம் நனைந்து, ஐந்து பேரும் காருக்குள் உட்கார்ந்தபடியே விடியலைப் பார்த்தோம். காலையில் கீழே இறங்கிப் போனேன். முதல் நாள் நான் மூட்டையை இறக்கிய மணல் திட்டைக் காணவில்லை. அதன்மேல் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நேயர்களே, அன்று நான் செய்த தவறுகள் இரண்டு. தவறான கூடாரத்தை வாங்கியது ஒன்று. அதனால் போனது ஒரு ராத்திரித் தூக்கம். தவறான இடத்தில் அதைப் போடப் பார்த்தது மற்றொன்று. அம்மா தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. ஆகவே முதலில் கூடாரத்தைப்பற்றிச் சொல்லிவிட்டு, பிறகு இடத்தைப்பற்றியும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்கவேண்டும்.

முதலாவது, அளவு. "நான்கு பேர் கூடாரம்" என்பதற்கு என்ன பொருள் தெரியுமா? நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் இடம் போதும் என்பதுதான் பொருள். ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு அடி அகலந்தான் கணக்கு. அத்தகைய கூடாரத்தின் தரை பெரும்பாலும் 7 அடிக்கு 8 அடி இருக்கும். நம் வீட்டில் ஓர் ஆள் படுக்கும் மெத்தையின் அகலமே 3 அடி. அப்படி இரண்டு மெத்தையைப் போட்டால் மூன்றாவதற்கு இடமில்லை. துணிப்பை, பால் புட்டி, விளக்கு இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? ஆகவே வீட்டில் எத்தனை பேரோ, அதற்குமேல் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் கூடாரம் வசதியாக இருக்கும். அதன் தரை ஏறக்குறைய 10 அடிக்கு 9 அடி வரும்.

பெட்டியில் போட்டிருக்கும் அளவு உங்களுக்குப் போதுமா என்று எப்படி அறிவது? ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடைக்குப் போகுமுன் வீட்டு முன்புறச் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் அந்த அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதற்குள் எல்லோரையும் படுக்கச் சொல்லிப் பாருங்கள். நள்ளிரவில் ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டுமானால் மற்றவரை மிதிக்காமல் போக முடியுமா என்பதையும் பாருங்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாக இருக்கும், உங்களுக்கோ பணம் மிச்சமாகும்.

உயரத்தையும் கவனிக்கவேண்டும். நான்கு அடி உயரக் கூடாரத்தில் குனிந்தும் தவழ்ந்தும்தான் நுழைய முடியும். ஆறு அடி உயரமானால் தாய்மார்கள் நின்றபடி உடை மாற்றலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் சிரமமில்லாமல் வந்துபோகலாம். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று அதிகமாகப் பிடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. கடற்கரைக்கே அதிகம் போகிறவர்கள் தாழ்வான கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேற்குக் கரையில், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், விடியலுக்கு முன் "சுமத்ரா" என்று சொல்லப்படும் சூறைக்காற்றும் மழையும் கடல்பக்கமிருந்து திடீரென்று வருவதுண்டு. மோரிப்பில் உயரமான கூடாரத்தை நாலு ஆணியில் நிறுத்திவிட்டுத் தூங்கினால், அந்தக் காற்று கூடாரத்தையே புரட்டிவிடும்.

இரண்டாவது, மழை. இந்நாட்டில் மழையில்லாத மாதம் என்று ஒன்றை நம்ப முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை வேளையில் இடியோடு மழை கொட்டும். ஆகவே கூடாரத்தின் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்கினால் போதாது, அதில் எழுதியிருக்கும் எண்ணையும் படிக்கவேண்டும். 1,500 மில்லிமீட்டர், 2,000, 3,000 என்று போட்டிருப்பார்கள். அது என்ன கணக்கு? அந்தத் துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். எவ்வளவு உயரம் நிறைந்தபோது துணியின் வழியே தண்ணீர் கசிகிறதோ, அந்த உயரந்தான் இந்த எண். 1,500 என்றால் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரைத் துணி தாங்கியது என்று பொருள். நம் மழைக்கு மேல்துணி 2,000க்குக் குறையாமல் இருப்பது நல்லது. தரைத்துணி இன்னும் உறுதியாக, 3,000 அளவில் இருக்கவேண்டும். ஏனென்றால் ஈரத்தரையில் நாம் முழங்காலை ஊன்றும்போது நம் எடை முழுவதும் ஓரிடத்தில் அழுத்தித் தண்ணீரை உள்ளே ஏற்றிவிடும்.

எண் பெரிதாக இருந்தும் ஒழுகும் கூடாரங்கள் உண்டு. நான் வாங்கியது அப்படிப்பட்டதுதான். துணி நல்ல துணி, தையல்தான் காலை வாரிவிட்டது. ஊசி குத்திய ஒவ்வோர் ஓட்டையும் தண்ணீருக்கு ஒரு வாசல். ஆகவே மேல்துணியைத் திருப்பி உட்பக்கத்தைப் பாருங்கள். தையலின்மேல் நீளமாக ஒரு பட்டை ஒட்டப்பட்டிருக்கவேண்டும். அது இல்லையென்றால் அந்தக் கூடாரம் வெயிலுக்கு மட்டுந்தான். தரைத்துணியும் தரையோடு நின்றுவிடாமல், ஒரு தொட்டி போல நாலு பக்கமும் நாலைந்து அங்குலம் மேலே ஏறியிருக்கவேண்டும். மழைநீர் தரையில் ஓடினாலும் அப்போது உள்ளே வராது.

மூன்றாவது, காற்றோட்டம். விற்பனைக்கு வரும் கூடாரங்களில் பல, குளிர்நாட்டு மக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. சூட்டை உள்ளே பிடித்து வைப்பது அவர்களுக்கு நன்மை. நமக்கோ அது சுடுகாற்றுப் பெட்டி ஆகிவிடும். அதோடு, நான்கு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சிலுள்ள ஈரம், மூடிய துணியில் பட்டுத் துளியாகி நம்மேலேயே சொட்டும். மழை பெய்யாத இரவிலும் கூடாரம் நனைந்திருப்பதைப் பார்த்து, "ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு. குறை பல நேரங்களில் மழைத்துணியில் இல்லை, காற்று போக வழியில்லாததுதான் காரணம்.

இதற்கு ஏற்றது இரட்டைக் கூடாரம். உள்கூடாரத்தில் பெரும்பகுதி கொசுவலையாக இருக்கும். அதன்மேல் சிறிது இடைவெளி விட்டு மழைத்துணி நிற்கும். இடையில் காற்று ஓடும். மேல்துணியில் துளி சேர்ந்தாலும் வெளிப்பக்கமாக வழிந்துவிடும். எதிரெதிரே இரண்டு வாசல் இருந்தால் மேலும் நல்லது. கொசுவலை நெருக்கமானதாக இருக்கவேண்டும். டெங்கி பரப்பும் கொசுவைத் தடுக்கும் வலை, கடற்கரையில் மொய்க்கும் சின்னஞ்சிறு ஆகாஸ் பூச்சியைத் தடுக்காமல் போகலாம். ஜிப்பை நாலைந்து தடவை இழுத்து மூடித் திறந்து பாருங்கள். துணியைக் கவ்வும் ஜிப் முதல் பயணத்திலேயே அறுந்துவிடும். ஜிப் போனால் கொசுவலை இருந்தும் பயனில்லை.

நான்காவது, கம்பியும் ஆணியும். விலை குறைந்த கூடாரங்களில் கண்ணாடி இழைக் கம்பிகள் வரும். அவை வளையும், ஆனால் எடை அதிகம். நாளாக ஆக நீளவாட்டில் பிளந்து, மூங்கில் சிலாம்பு போலக் கையில் ஏறும். அலுமினியக் கம்பி எடை குறைவு, உழைப்பும் அதிகம், விலையும் கூடத்தான். காரில் வைத்துக் கொண்டுபோகும் குடும்பத்துக்கு எடை பெரிய சங்கதியல்ல. ஆகவே கண்ணாடி இழைக் கம்பியே போதும், ஒன்றிரண்டு உபரித் துண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டால் சரி. பெட்டியோடு வரும் மெல்லிய ஆணிகள் நம் செம்மண்ணில் வளைந்துபோகும், மணலில் நிற்கவே நிற்காது. மண்ணுக்குத் தடித்த ஆணி வாங்குங்கள். கடற்கரையில், உறுதியான பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, பையை ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். அது எந்த ஆணியையும்விட உறுதியாகப் பிடிக்கும்.

தூக்கிப் போட்டால் தானே விரிந்துகொள்ளும் கூடாரங்கள் இப்போது அதிகம் விற்கின்றன. பார்க்க வேடிக்கையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒற்றைத் துணிதான். பகலில் கடற்கரை வெயிலுக்குப் பிள்ளைகளை உட்கார வைக்க அவை உதவும். மழை இரவுக்கு நம்பக் கூடாது.

முடிந்தால் வாசலுக்கு முன்னே சிறு கூரை நீட்டிக்கொண்டிருக்கும் கூடாரமாகப் பாருங்கள். கடைவீட்டுக்கு அஞ்சடி எப்படியோ அப்படி இதுவும். சேற்றுச் செருப்பு, நனைந்த துணி எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அந்த அமைப்பு இல்லையென்றால் ஒரு தார்ப்பாயும் நாலு பாகம் கயிறும் போதும். கூடாரத்துக்கு மேலே மரத்துக்கு மரம் கயிறு கட்டித் தார்ப்பாயைச் சாய்வாகப் போட்டுவிட்டால், சுமாரான கூடாரமும் நல்ல கூடாரமாகிவிடும். இந்த வித்தை தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் பந்தல் போட்ட கைகள்தாமே நம் கைகள்!

இனி விலையைப்பற்றிச் சொல்லவேண்டும். 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. 300 வெள்ளிக்கு ஒரு கூடாரம் வாங்கினால், அது கிட்டத்தட்ட ஐந்து நாள் வெயிலும் வியர்வையும். ஆண்டுக்கு ஒருமுறை போய்வர அவ்வளவு பணம் போடலாமா என்று யோசிப்பது கஞ்சத்தனமல்ல, அது குடும்பப் பொறுப்பு. முதல் பயணத்துக்கு இரவல் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறதா என்று பார்த்தபின் சொந்தமாக வாங்கலாம். அண்ணன் தம்பி வீடுகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு நல்ல கூடாரத்தைப் பொதுவாக வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம். மலிவான மூன்றை அடுத்தடுத்து வாங்கி எறிவதைவிட, தரமான ஒன்றைப் பொதுவில் வைத்திருப்பது ஆதாயம்.

வாங்கி வந்ததும் நேரே ஆற்றங்கரைக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டு வாசலிலோ தோட்டத் திடலிலோ ஒருமுறை விரித்துப் போடுங்கள். மேலே ரப்பர் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே ஒருவர் உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்க்கட்டும். கசிந்தால், ரசீதோடு மறுநாளே கடைக்குப் போகலாம். காட்டில் போய்த் தெரிந்துகொண்டால் யாரிடம் போய் முறையிடுவது?

பயணம் முடிந்து வந்தபிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஈரக் கூடாரத்தைச் சுருட்டி மூலையில் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்து நாற்றமெடுக்கும். தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து மடியுங்கள். நாள் முழுக்க வெயிலில் போட்டு வைத்தால் துணி இற்றுப்போகும்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். எவ்வளவு நல்ல கூடாரமாக இருந்தாலும் அது துணிதான். மழையையும் கொசுவையும் அது தடுக்கும். வெள்ளத்தையும் மண்ணையும் தடுக்காது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் பத்தாங் காலியில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. கெந்திங் மலைக்குப் போகும் சாலைக்குக் கீழே இருந்த முகாம்களில் பள்ளி விடுமுறைக்காக வந்திருந்த குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. தொடர்ந்து பெய்த மழையில் ஊறிய மேட்டுச் சரிவு பெயர்ந்து கூடாரங்களின்மேல் விழுந்தது. 31 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுபிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களும் நம்மைப்போலவே பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காகப் போனவர்கள்தாம். அதற்கு முந்திய ஆண்டு, 2021 ஆகஸ்டில், கெடா மாநிலத்து ஜெராய் மலையிலிருந்து கெப்பாலா ஆயர் என்னும் தலைவெள்ளம் திடீரென்று இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. மேலே மலையில் கொட்டும் மழை, கீழே குளிப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தலைக்கு மேல் வானம் வெளுப்பாகவே இருக்கலாம்.

ஆகவே செங்குத்தான சரிவின் அடியில் கூடாரம் போடாதீர்கள். ஆற்றின் மணல் திட்டில் போடாதீர்கள். கரையோரக் கிளைகளில் குப்பை எவ்வளவு உயரத்தில் சிக்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கும் மேலே போங்கள். பட்டுப்போன மரம், டுரியான் மரம், தென்னை மரம் இவற்றின் அடியில் படுக்காதீர்கள். ஆற்றுநீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, தண்ணீரின் இரைச்சல் மாறினாலோ, சாமான்களை எடுக்கக்கூட நிற்காமல் பிள்ளைகளோடு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். இடி இடிக்கும்போது கூடாரம் பாதுகாப்பல்ல, காருக்குள் போய்விடுங்கள். கூடாரத்துக்குள் அடுப்போ, கரியோ, கொசுவர்த்திச் சுருளோ வேண்டவே வேண்டாம். துணி நொடியில் பற்றும். அடுப்பிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு வாசனையும் கிடையாது. புறப்படுமுன் வானிலை இலாகாவின் அறிவிப்பைக் கேளுங்கள். போகிற இடத்தில் முகாமிட அனுமதி உண்டா என்று வன இலாகாவிடமோ உள்ளூர் மன்றத்திடமோ விசாரியுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்தென்றால் அழைக்கவேண்டிய எண் 999.

தோட்டத்தில் வாழ்ந்த நம் பெரியவர்கள் விடியற்காலை வானத்தைப் பார்த்தே இன்று மரம் வெட்டலாமா, வேண்டாமா என்று சொல்வார்கள். ஆற்றின் நிறத்தைப் பார்த்து மேலே மழை பெய்ததா என்று அறிவார்கள். அந்த அறிவு பெட்டியில் வைத்து விற்பனைக்கு வருவதில்லை. அடுத்த முறை கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள். அவர்களுக்காகத்தான் வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கைக்கு மேல் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.